எழுநூற்று எண்பதரை

எமில் பெர்க்கோ சூதாட்டத்தை விட்டது மே மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு. அன்றுதான் அவன் மனைவி யோலாண்டா இரண்டு பெட்டிகளையும் காபி மெஷினையும் காரில் ஏற்றிக்கொண்டு, வால்சன்பர்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். மனிதன் திருந்துவதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் அமையாது. ஆனால் அவன் முறைப்படி விட்டுவிட்டதாக அரசாங்கம் ஒப்புக்கொள்ள நான்கரை மாதம் பிடித்தது. அந்த நான்கரை மாதத்தில் அவன் ஆடிய பந்தயங்கள் அறுபத்தொன்று.

எமில், பியூப்லோ நகரத்துப் பள்ளிப் பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருஷமாக மெக்கானிக். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. இருந்த ஒரே வியாதி மொத்த ரன். பேஸ்பாலில் யார் ஜெயித்தாலும் அவனுக்குக் கவலையில்லை. இரண்டு அணியும் சேர்ந்து அடிக்கும் ரன், கம்பெனி குறித்த எண்ணுக்கு மேலே போகுமா, கீழே நிற்குமா, அதுதான் கேள்வி. டென்வர் மைதானம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிசு. அடித்த பந்து தரைக்கு வர மனசில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே டென்வரில் ஆட்டம் என்றால் பணிமனையே 'மேலே' என்று கட்டும்.

அதற்கும் ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மெக்கானிக்குகளும் வாசலுக்கு வந்து கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். கொடி தெருப்பக்கம் பறந்தால் காற்று பந்தைத் தூக்கும், துணிந்து 'மேலே' கட்டலாம். கட்டடத்துப் பக்கம் பறந்தால் யோசிக்க வேண்டும். பியூப்லோவிலிருந்து டென்வர் நூற்றுப் பத்து மைல். இந்த விஷயத்தை ஐந்து வருஷத்தில் ஒருவரும் எழுப்பியதில்லை.

ஜூன் கடைசியில் எமில் யோலாண்டாவுக்கு போன் செய்தான்.

"நாப்பத்தஞ்சு நாளாச்சு யோலி. ஒரு பந்தயம்கூட கட்டல. சத்தியமா."

"எமில், உன் சத்தியத்தை எல்லாம் நீயே செலவு பண்ணி முடிச்சுட்ட. எங்கிட்ட காட்ட இனிமே உன்கிட்ட வார்த்தை பாக்கி இல்ல."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"காகிதம் கொண்டா. பஸ்ஸுக்குப் பின்னால விளம்பரம் போடுறாங்களே, சூதாடுறவன் தன்னைத் தானே விலக்கிக்க சுயவிலக்குச் சான்றிதழ்னு. அரசாங்க முத்திரையோட அதைக் கொண்டா. இங்க வாடகைக்கு ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். செப்டம்பர் முப்பதாம் தேதி சாயங்காலம் கையெழுத்து. அதுக்கு முன்னால காகிதம் வந்தா, காபி மெஷினைத் தூக்கிட்டு நான் வீட்டுக்கு வரேன். வரலன்னா ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன். அப்புறம் நீ உன் கொடியோட குடும்பம் நடத்து."

நியாயமான பேச்சு. மூன்று மாதம் முழுசாக இருந்தது. ஒரு காகிதம் வாங்க மூன்று மாதம் போதாதா என்று எமில் நினைத்தான். அவன் அதுவரை எந்த அரசாங்க அலுவலகத்திலும் எதையும் கேட்டதில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

பொறுப்பான பந்தய நலவாரியம் டென்வரில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. தரைத்தளத்தில் 'லக்கி மிட்' பந்தயக் கம்பெனியின் கூடம். வாரியத்துக்கு வாடகையில் பாதியை லக்கி மிட் பெரிய மனசு பண்ணிக் கொடுப்பதால், படிக்கட்டும் அந்தக் கூடத்துக்குள்ளேதான் இருந்தது. சூதை விட வந்தவர்கள் நாற்பது டிவிக்கும் நடுவே நடந்து, கண்ணை மூடாமல் படியேற வேண்டும். கூடத்துக்குள் நுழைந்தவர்களில் பாதிப்பேர்தான் மேலே வந்து சேர்வார்கள் என்று வரவேற்பில் இருந்தவள் பெருமையாகச் சொன்னாள். "உண்மையான உறுதி இருக்குறவங்கள அதுவே சலிச்சுக் குடுத்துடும் சார்."

சுயவிலக்கு அலுவலர் பெயர் பிரெண்டா ஹாக்லண்ட். மேஜை மேல் ஒரு சின்னத் தொட்டிச்செடி, ஒரு டப்பா முகம் துடைக்கும் காகிதம். எமிலின் விண்ணப்பத்தைப் பார்த்து அவள் உச்சுக்கொட்டினாள்.

"மிஸ்டர் பெர்க்கோ, நீங்க நாப்பத்தேழு நாளா விளையாடவே இல்லையே?"

"ஆமாம்மா. விட்டுட்டேன்."

"அதான் சிக்கல். கணக்கு உறங்குநிலைக்குப் போயிடுச்சு. விளையாடாதவரை நாங்க எப்படி விலக்க முடியும்? எதுலேர்ந்து விலக்குறது? பிரச்சனை இருந்தாத்தானே தீர்வு குடுக்கலாம்? முப்பது நாள் தொடர்ச்சியா, தினம் குறைஞ்சது ஒரு டாலர், விளையாடின பதிவு வேணும். ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒண்ணுலேர்ந்து."

"சூதாட்டத்தை விடறதுக்கு நான் முப்பது நாள் சூதாடணுமா?"

"நாங்க அந்த வார்த்தையை உபயோகிக்கிறதில்ல சார். 'ஈடுபாடு'ன்னு சொல்வோம்."

காகித டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அழவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது போலப்பட்டது.

"இன்னொண்ணு," என்றாள். "கணக்கை மூடும்போது இருப்பு பூஜ்யமா இருக்கணும். முடியாத பந்தயம் எதுவும் நிக்கக்கூடாது. உங்களுக்கு ஒண்ணு நிக்குது. ஏப்ரல்ல கட்டியிருக்கீங்க. டென்வர் அணி இந்த சீசன் முழுக்க எழுநூத்து எண்பதரைக்கு மேல ரன் எடுக்கும்னு."

"அதை ரத்து பண்ணிடுங்க."

"சீசன் முடியணுமே சார். செப்டம்பர் இருபத்தெட்டு."

அரை ரன் என்று ஒன்றை பேஸ்பால் பிறந்த நாளிலிருந்து யாரும் எடுத்ததில்லை. சமநிலை வந்து யார் காசையும் திருப்பித் தர நேரக்கூடாது என்பதற்காகக் கம்பெனி அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தது.

எமில் வண்டியில் உட்கார்ந்து போனில் கணக்கைத் திறந்தான். நாற்பது விநாடிக்குள் மணியடித்தது.

"எமில்! ட்ரெவர் பேசுறேன், லக்கி மிட்லேர்ந்து. உங்க பிரத்யேக உபசரிப்பாளர். எங்க போயிட்டீங்க? ஆபீஸ்ல எல்லாரும் கவலைப்பட்டோம்!"

"ட்ரெவர், நான் கணக்கை மூடத்தான் திறந்திருக்கேன்."

"ஐயோ, மனசு உடைஞ்சு போச்சு. சரி, உங்க முடிவை மதிக்கிறோம். பிரிவுப் பரிசா இருநூறு டாலர் பந்தயம் இலவசம், இப்பவே போட்டுட்டேன்."

"வேண்டாம்ப்பா! இருப்பு பூஜ்யமா இருக்கணும்!"

"பரிசைத் திருப்ப பட்டனே இல்ல சார். விளையாடித்தான் தீர்க்கணும்."

"விளையாடி ஜெயிச்சுட்டா? காசை வெளியில எடுத்துடலாமா?"

"தாராளமா! எடுத்தவுடனே எங்க நன்றிப் பரிசு தானா உள்ள வந்துடும்."

எமில் முட்டாள் இல்லை. ஐந்து வருஷமாகத் தோற்றுப் பழகியவன். தோற்பது என்ற கலை ஒன்றுதான் அவனுக்குக் கைவந்திருந்தது, அதைச் செய்தால் போதும் என்று கணக்குப் போட்டான். நாட்டிலேயே அதிகம் ரன் குவிக்கும் அணிகளின் பட்டியலை எடுத்து, அவர்கள் ஆட்டத்தில் எல்லாம் 'கீழே' கட்ட வேண்டியது. முதல் நாளே டென்வர். பணிமனையில் கொடி தெருப்பக்கம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

ரூடி ஆர்ச்சுலேட்டா, பிரேக் பகுதிக்காரன், எமிலின் போனை எட்டிப்பார்த்துவிட்டு வாயிலிருந்த சாண்ட்விச்சை மென்று விழுங்க மறந்தான்.

"டேய், கீழேயா? டென்வர்லயா? கொடியைப் பாத்தியா இல்லையா?"

"பாத்துட்டுத்தான் கட்டினேன்."

"உனக்கு உடம்பு சரியில்லையா? யோலாண்டாவுக்கு போன் போடட்டுமா?"

அன்றைய ஆட்டம் இரண்டுக்கு ஒன்று. மொத்தம் மூன்று ரன். அந்த மைதானத்தில் அப்படியொரு ஆட்டம் நடந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று டிவிக்காரர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். எமில் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். இருப்பு பூஜ்யத்திலிருந்து வெகுதூரம் போயிருந்தது.

அடுத்த நாள் மூன்றுக்குப் பூஜ்யம். அதற்கடுத்த நாள் மழை வந்து பாதியில் நிறுத்தினார்கள்; பாதி ஆட்டம் செல்லாது என்று திருப்பிக் கட்டச் சொன்னார்கள்; திருப்பிக் கட்டியதும் ஜெயித்தது. வாரம் தவறாமல் பதினைந்து ரன் அடித்துக்கொண்டிருந்த அணிகளெல்லாம் எமில் 'கீழே' கட்டிய அன்று மட்டையைத் தடவிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயின. ஐந்து வருஷம் அவன் முழங்காலில் நின்று கேட்டபோது எட்டிப்பார்க்காத அதிர்ஷ்டம், வேண்டாம் என்றதும் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. ட்ரெவர் அவனை வெள்ளி உறுப்பினராக்கினான். பிறகு தங்கம். பிறகு வைரம். வீட்டுக்கு ஒரு பெட்டி மாட்டிறைச்சி வந்தது, கூடவே எம்ப்ராய்டரி போட்ட அங்கி ஒன்று, அதில் அவன் பெயர் தப்பாக. பணிமனையில் ஏழு பேரும் கொடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு எமிலின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இருபத்தாறாம் நாள் ட்ரெவரின் குரலில் அந்தப் பழைய பாசம் இல்லை.

"மிஸ்டர் பெர்க்கோ, எங்க இடர் மேலாண்மைப் பிரிவு உங்க விளையாட்டை ஆராய்ஞ்சிருக்கு. நீங்க தொடர்ந்து ஜெயிக்கிறீங்க."

"தெரியும். தோக்கத்தான் முயற்சி பண்றேன்."

"தொடர்ந்து ஜெயிக்கிறது ஆரோக்கியமில்லாத பழக்கம் சார். வாடிக்கையாளர் நலனுக்காக உங்க உச்சவரம்பை மாத்தியிருக்கோம். இனி ஒரு பந்தயத்துக்கு முப்பத்தேழு சென்ட்."

எமில் வண்டியை எடுத்துக்கொண்டு நூற்றுப் பத்து மைல் போய், நாற்பது டிவியைத் தாண்டி, படியேறினான்.

"பிரெண்டாம்மா, முப்பது நாளுக்கு இன்னும் நாலு நாள்தான். தினம் ஒரு டாலர் கட்டணும்ங்கிறீங்க. முப்பத்தேழு சென்ட்டுக்கு மேல அவங்க விடமாட்டேங்கிறாங்க."

பிரெண்டா விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். உண்மையாகவே வருந்தினாள். "முப்பத்தேழு சென்ட் கணக்குல வராது. ஆனா நிறுத்திடாதீங்க. நிறுத்தினா தொடர்ச்சி அறுந்துடும், இருபத்தாறும் போயிடும். விசாரணைக்கு எழுதிப் போடறேன். அதுவரைக்கும் தினமும் கட்டிக்கிட்டு இருங்க."

ஆக எமில் முப்பத்துநான்கு நாள் முப்பத்தேழு சென்ட் கட்டினான். அந்த இருப்பை முப்பத்தேழு சென்ட்டாகத் தோற்றுத் தீர்க்க நாற்பத்தோரு வருஷம் ஆகும் என்று ரூடி சிமென்ட் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினான். அதுவும் ஒன்றுகூட ஜெயிக்காமல் இருந்தால்.

செப்டம்பரில் விசாரணை. வாரியத் தலைவர் கார்டன் ஸ்டைல்ஸ், நரைத்த மீசைக்காரர், மேஜையில் தண்ணீர் ஜாடியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எமில் நடந்ததைச் சொன்னான். அவர் இடைமறிக்காமல் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி உயரத் தூக்கிப் பிடித்தார்.

"மிஸ்டர் பெர்க்கோ, இது என்ன?"

"தண்ணீங்க."

"இது பந்தய வரி. இந்த மாநிலத்துல ஜனங்க பந்தயத்துல தோக்குற பணத்துலேர்ந்துதான் அணைக்கும் வாய்க்காலுக்கும் காசு போகுது. நீங்க காலைல பல்லு விளக்குறீங்களே, அதுல உங்க அண்டை வீட்டுக்காரரோட தோல்வி இருக்கு. எவ்வளவு உன்னதமான ஏற்பாடு பாருங்க! இந்த வாரியமும் அப்படித்தான். சூதால பாதிக்கப்பட்டவங்களுக்கு உதவ எங்களுக்கு நிதி எங்கிருந்து வருது? அவங்க தோத்ததுலேர்ந்து. அதிகமா தோத்தா அதிகமா உதவலாம். போன வருஷம் உதவி எண்ணுக்கு நாலு பேரை வேலைக்கு எடுத்தோம்னா, அது ஜனங்களோட ஈடுபாட்டால. எல்லாரும் உங்களை மாதிரி விட்டுட்டுப் போனா, விட நினைக்கிறவங்களுக்கு உதவ யார் இருப்பா? அதைக் கொஞ்சம் யோசிச்சீங்களா?"

"இல்லீங்க," என்றான் எமில். உண்மையாகவே யோசித்திருக்கவில்லை. "எனக்கு என் பெண்டாட்டி வீட்டுக்கு வரணும். முப்பதாம் தேதி சாயங்காலத்துக்குள்ள. அவ்வளவுதான்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் கல்லால் செய்தவரில்லை.

"விதியைத் தளர்த்துறோம்," என்றார். "இன்னியோட தினசரி ஈடுபாடு போதும். சீசனோட கடைசி நாள், இருபத்தெட்டாம் தேதி, மொத்த இருப்பையும் ஒரே பந்தயத்துல கட்ட லக்கி மிட்டுக்கு உத்தரவு போடறோம். தோத்துட்டா இருப்பு பூஜ்யம், மறுநாளே சான்றிதழ். ஜெயிச்சா, அடுத்த சீசன்ல பாத்துக்கலாம். வாழ்த்துகள்."

இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் எமில் ரூடி வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தான். முன்னால் பச்சை மிளகாய்க் குழம்பில் மூழ்கடித்த பர்கர் தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்குக் கம்பெனி வைத்த எண், அதாவது லைன், பதினொன்றரை. எமில் அத்தனையையும் 'கீழே' கட்டியிருந்தான்.

"இப்ப புரியற மாதிரி சொல்லு," என்றான் ரூடி. "நீ எந்தப் பக்கம்னு சொல்லித் தொலைச்சா நானும் அந்தப் பக்கம் கத்துவேன்."

"ரெண்டு டீமும் சேந்து பன்னெண்டோ அதுக்கு மேலயோ எடுக்கணும். அப்பத்தான் இன்னிக்குப் பந்தயம் தோக்கும்."

"சரி. அடிங்கடா!"

"இரு. ஆனா டென்வர் எட்டுக்கு மேல எடுக்கக்கூடாது. இதுவரைக்கும் சீசன்ல எழுநூத்து எழுபத்திரெண்டு. ஒன்பது எடுத்துட்டா ஏப்ரல் பந்தயம் ஜெயிச்சுடும். ஜெயிச்சா கணக்குல காசு விழுந்துடும்."

ரூடி ரிமோட்டைக் கீழே வைத்தான். "எமில், இதுக்கு நீ சாதாரணமா சூதாடிட்டே இருந்திருக்கலாம்டா."

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஆறு முடிந்தும் மூன்றுக்கு இரண்டுதான். எமிலின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏழாவதில் வெளியூர் அணி ஐந்து அடித்தது. எட்டாவதில் டென்வர் நான்கு. மொத்தம் பதினான்கு! இன்றைய பந்தயம் தோற்றுவிட்டது. எமிலும் ரூடியும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள், கீழ்வீட்டுக்காரன் கம்பால் கூரையைத் தட்டினான். அந்த இரண்டரை மணி நேரத்தில் எமில் ஒரு தடவைகூட யோலாண்டாவை நினைக்கவில்லை. அதை அவன் பிற்பாடும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாவதில் வெளியூர் அணி இன்னொன்று. ஒன்பதுக்கு ஆறு. கடைசி வாய்ப்பில் டென்வர் ஒன்று எடுத்தது, இன்னொன்று எடுத்தது. எட்டு. சீசனுக்கு எழுநூற்று எண்பது. இரண்டு பேர் அவுட், இன்னொருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது; மூன்று தளத்திலும் ஆள் நிற்கிறான். இன்னும் ஒரே ஒரு ரன் வந்தால் எமில் ஜெயித்துத் தொலைப்பான். பந்தை அடித்தார்கள். மெலிந்த காற்றில் அது போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. எமில் தரையில் முழங்காலிட்டிருந்தான். எல்லைச் சுவரோரம் ஓடிய ஆள் எம்பி, கையுறையின் நுனியில் அதைப் பிடித்தான்.

டென்வர் நகரமே தலையில் அடித்துக்கொண்ட அந்த நிமிஷத்தில், பியூப்லோவில் ஒரே ஒருவன் மட்டும் சந்தோஷத்தில் அழுதான்.

திங்கட்கிழமை பிரெண்டா அவன் கையைக் குலுக்கிச் சான்றிதழைக் கொடுத்தாள். சுவரில் மாட்டப் படம் எடுத்தாள். தடித்த காகிதம், தங்க முத்திரை, அடியில் சின்ன எழுத்தில் 'லக்கி மிட் ஆதரவுடன்'. பின்னால் இரண்டு பக்கம் பின்னூசி குத்தி இணைத்திருந்தது. "ஈடுபாட்டுப் பதிவு. அது இல்லாம சான்றிதழ் செல்லாது சார், பிரிக்காதீங்க."

செவ்வாய்க்கிழமை மதியம் அரைநாள் விடுப்புப் போட்டு, சாலையோரத்தில் வறுத்துக் கொடுக்கும் மிளகாய் ஒரு பை வாங்கினான். யோலாண்டாவுக்கு அந்த வாசனை உயிர். ஐம்பது மைல் தெற்கே போகும்வரை வண்டி முழுக்க அதுதான். ஐந்து மணிக்கு அவள் தங்கை வீட்டு வாசலில் நின்றான். யோலாண்டா கதவைத் திறந்தாள். முடியை வெட்டியிருந்தாள். அவள் பின்னால் கூடத்து மேஜையில் வாடகைப் பத்திரமும் பேனாவும் இருந்தன.

"கொண்டு வந்துட்டியா!" என்றாள். அவள் முகம் மலர்ந்ததை எமில் பார்த்தான். பல வருஷமாகப் பார்க்காத முகம் அது.

அவள் முத்திரையை விரலால் தடவினாள். பிறகு தாளைத் திருப்பினாள். படிக்கப் படிக்க அவள் விரல் நின்று நின்று இறங்கியது.

"ஜூலை எட்டு. ஜூலை ஒன்பது. ஜூலை பத்து." நிமிர்ந்தாள். "எமில், இது அறுபத்தொண்ணு இருக்கு. நீ மே மாசமே விட்டுட்டேன்னியே."

"விட்டேன் யோலி. இது விடறதுக்காகக் கட்டினது. கட்டினாத்தான் விடமுடியும்னு சொன்னாங்க. கடைசியா ஒண்ணு தோத்துட்டா எல்லாம் முடிஞ்சுடும்னு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கே கேட்டது. ஐந்து வருஷமாக இதே வாசகத்தைத்தான், இதே ஒழுங்கில், சமையலறையில் நின்றபடி அவளிடம் சொல்லியிருக்கிறான். அப்போதெல்லாம் பொய். இன்றைக்குத்தான் முதல் தடவையாக உண்மை. இரண்டுக்கும் கேட்பவருக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது.

யோலாண்டா கோபப்படவில்லை. கதவில் சாய்ந்துகொண்டாள்.

"சரி. காகிதத்தை விடு. உன்னையே நம்பறேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஞாயித்துக்கிழமை டென்வர் எத்தனை எடுத்தாங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் காதால் கேட்க விரும்பினாள், அது அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"எட்டு," என்றான் எமில். "அவங்க ஒன்பது. மொத்தம் பதினேழு, லைன் பதினொண்ணரை. சீசனுக்குச் சரியா எழுநூத்து எண்பது, அரை ரன்னுல தப்பிச்சேன் யோலி, கடைசிப் பந்து சுவர்கிட்ட..."

நிறுத்தினான். அவன் கை, பந்து போன திசையைக் காட்டியபடி காற்றில் நின்றிருந்தது.

யோலாண்டா மிளகாய்ப் பையை வாங்கிக்கொண்டாள். சான்றிதழை நான்காக மடித்து அவன் சட்டைப்பையில் வைத்து, பையைத் தட்டிக் கொடுத்தாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

எமில் வண்டிக்கு நடந்தான். எதிர்வீட்டு வாசலில் ஒரு கொடிக்கம்பம் இருந்தது. கொடி தெருப்பக்கம் பறந்துகொண்டிருந்தது. சீசன் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவன் நின்று, அண்ணாந்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.